சட்னிக்கு எட்டு மாத விடுப்பு

சுகாதார அலுவலகத்தின் வெள்ளை வேன் கம்பெனி வாசலில் வந்து நின்ற அன்று இராஜம்மாவுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. கிள்ளான் மேரு சாலைப் பக்கம் நாற்காலி செய்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகச் சமைக்கிறாள். இத்தனை வருஷத்தில் எம்சி என்கிற மருத்துவ விடுப்பு போட்டு வீட்டில் இருந்தது இரண்டே நாள். அதுவும் மகளின் பிரசவத்துக்காக வயிற்று வலி என்று சொன்ன பொய்.

வேனில் வந்தவர்கள் மூன்று பேர். கேன்டீனை நடத்துகிற தம்புசாமி கையைப் பிசைந்துகொண்டு அவர்களைச் சமையலறைக்குள் அழைத்து வந்தார். தொழிற்சாலையில் மூன்று பேருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டிருக்கிறது, மூவருமே கேன்டீனில்தான் பசியாறுகிறவர்கள் என்று அந்தக் குழுவின் தலைவி சொன்னாள். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயர் ஜனகா. குழாய்த் தண்ணீரைப் பிடித்தார்கள், வெட்டுப் பலகையைச் சுரண்டி எடுத்தார்கள், ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கடைசியில் சமையலறை ஆட்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு சின்ன புட்டியைக் கொடுத்து, அதில் என்ன பிடித்துத் தர வேண்டும் என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னார்கள்.

"சட்டிய சோதிக்கலாம், தண்ணிய சோதிக்கலாம். இதையுமா?" என்று இராஜம்மா முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற தாமரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்கறி நறுக்க வந்து ஏழு வருஷத்தில் சாம்பார்வரை முன்னேறியிருந்தவள் தாமரை.

பத்து நாள் கழித்து இராஜம்மாவை மட்டும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி போன் வந்தது.

கணவர் பழனியப்பன்தான் காரில் கொண்டுபோய் விட்டார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போனாலும் வாசலிலேயே நின்றுகொள்வார், உள்ளே வர மாட்டார். ஆகவே இராஜம்மா தனியாகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

"ஆன்டி, உங்க உடம்புல டைபாய்டு கிருமி இருக்கு."

"எனக்கா?" இராஜம்மா சிரித்தே விட்டாள். "காய்ச்சல் இல்ல, வயித்து வலி இல்ல மேடம். நேத்துகூட இருபது கிலோ அரிசி மூட்டைய நான்தான் தூக்கினேன்."

"தெரியும். சில பேருக்கு அப்படித்தான். கிருமி பித்தப்பையில உக்காந்துக்கும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். கை வழியா சாப்பாட்டுக்குப் போயிரும்."

இராஜம்மா கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் மூணு வருஷத்துக்கு ஒருக்கா டைபாய்டு ஊசி போடுறேன்லா. இதோ முத்திரை. ஒரு தடவகூட விட்டதில்ல."

ஜனகா அதை மரியாதையாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஊசி புதுசா வராம இருக்கத்தான் ஆன்டி. முன்னாலேயே உள்ள குடி வந்தத அது காலி பண்ணாது. சின்ன வயசுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா? ரெண்டு மூணு வாரம் படுத்த மாதிரி?"

வந்திருந்தது. இருபத்திரண்டு வயதில், கல்யாணமான புதிது. மூன்று வாரம் எழுந்திருக்க முடியவில்லை. கிளினிக்கில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், மாரியம்மன் கோயிலில் தண்ணீர் மந்திரித்துத் தெளித்தார்கள், சரியாகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே இராஜம்மாவின் குரல் மெல்ல இறங்கியது. இடையில் எத்தனை வருஷம், எத்தனை பேர் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. மகள் ஏழு வயதில் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாளே, அது என்ன காய்ச்சல்?

ஜனகா அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "எல்லாத்தையும் உங்க தலைமேல இழுத்துப் போட்டுக்காதீங்க. உங்களுக்கே தெரியாத விஷயம். ஆனா இன்னையிலேர்ந்து தெரியும். அதுதான் வித்தியாசம்."

பிறகு விதியைச் சொன்னாள். நான்கு வாரம் மாத்திரை. அதன் பிறகு இடைவெளி விட்டு மூன்று பரிசோதனை. மூன்றும் சுத்தமாக வரும்வரை அவள் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டிலும் வெளி ஆட்களுக்குச் சமைக்க வேண்டாம். கணவரையும் சோதிக்க வேண்டும்.

"அப்ப நான் நோயாளியா?"

"இல்ல ஆன்டி."

"நோயாளி இல்லன்னா ஏன் நிப்பாட்டுறீங்க? நல்லா இருக்கிற மனுசிய வீட்டுல உக்கார வச்சா இது என்ன நியாயம்? என் கை, என் உடம்பு. நான் யாரையும் கடிச்சேனா, அடிச்சேனா?"

ஜனகா கோபப்படவில்லை. இப்படிப் பேசுகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "வீட்டுல உக்காரச் சொல்லல. நீங்க எங்க வேணும்னாலும் போகலாம். கோயிலுக்குப் போங்க, லிட்டில் இந்தியாவுல சேலை வாங்குங்க, மக வீட்டுக்குப் போங்க. மேசை துடைக்கலாம், தட்டு எடுக்கலாம். சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

காரில் திரும்பி வரும்போது தாமான் செந்தோசா குடியிருப்பின் வளைவில் இராஜம்மா, "மேசை துடைக்கணுமாம்" என்றாள். பழனியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிக்னல் போட்டார்.

தம்புசாமி நல்ல மனிதர்தான். "வீட்டுல இருந்தா நீ பைத்தியமாயிருவ, ராஜி" என்று அவரே அழைத்து, சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கொடுத்தார். தட்டுகளை எடுத்து வண்டியில் அடுக்க வேண்டும், மேசைகளைத் துடைக்க வேண்டும். தலைமைச் சமையல்காரியாக இருந்தவள் நீலத் துணியும் தெளிப்பான் புட்டியுமாகக் கூடத்தில் நின்றாள். காரணம் சமையலறை ஆட்களுக்கும் தம்புசாமிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம், "முட்டி வலிலா, கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

முதல் வாரம் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்கும். கடுகு வெடிக்கிற பதத்தை வைத்தே தாமரை அவசரப்படுகிறாள் என்று தெரிந்துவிடும். வாசல்வரை போவாள். தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது, ஜனகாவின் ஆட்கள் ஒட்டியது. அதில் காலை வைக்காமல் நின்று, "ஏய் தாமரை, தீயைக் குறை!" என்று கத்திவிட்டுத் திரும்புவாள்.

ஆனால் அந்தக் கூடத்தில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பத்தொன்பது வருஷமாக முன்னூறு பேருக்குச் சமைத்தவள், ஒருவர் சாப்பிடுவதைக்கூட நின்று பார்த்ததில்லை. சமையலறையிலிருந்து பரிமாறும் ஜன்னல் வழியாகக் கைகள்தான் தெரியும். தட்டை நீட்டும் கை, வாங்கும் கை. இப்போது முகங்கள் தெரிந்தன. பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பங்களாதேஷ்காரர் தோசையை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சட்னியைக் கடைசியில் விரலால் வழித்துத் தனியாக ருசிப்பார். பாதுகாவலர் இராமலிங்கம் தன் சாப்பாட்டில் பாதியைப் பொட்டலம் கட்டி மனைவிக்கு எடுத்துப் போவார். கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவர் ஒரு வடையைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமைப் பாயசத்தின் விஷயம்தான் அவளை உலுக்கியது. அந்தப் பாயசத்தில் அவளுக்குப் பெரிய கர்வம். வாரம் தவறாமல் செய்வாள், கை நிறைய வெல்லம் போடுவாள். அந்த வெள்ளிக்கிழமை தாமரை அதே அளவில் செய்திருந்தாள்; தட்டுகளை எடுக்கும்போது பார்த்தால், கோப்பைக்குக் கோப்பை பாதிப் பாயசம் மிச்சம். சிலர் ஒரு கரண்டியோடு நிறுத்தியிருந்தார்கள்.

"ஏன் அண்ணே, நல்லாயில்லையா?" என்று இராமலிங்கத்திடம் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. இனிப்பு ஜாஸ்திலா. எனக்குச் சக்கரை, அதோ அவருக்கும் சக்கரை, இந்த மேசையில முக்கால்வாசிப் பேருக்கு இருக்கு. வேணாம்னு சொன்னா உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு வாங்கிக்கிறது."

"எத்தனை வருசமா?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "நான் வந்து பதினோரு வருசம்."

இராஜம்மா சிவப்பு டேப்வரை போய் நின்று, அடுத்த வெள்ளிக்கிழமை வெல்லத்தைப் பாதியாகக் குறைக்கும்படி தாமரையிடம் சொன்னாள். குறைத்தார்கள். கோப்பைகள் காலியாகத் திரும்பி வந்தன. அன்று இரவு அதைப் பழனியப்பனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டாவது வாரத்தின் கடைசியில் தம்புசாமி அவளைத் தனியாக அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். காலைச் சட்னி சரியில்லை என்று தொழிலாளர்கள் முணுமுணுக்கிறார்களாம். பாதிப் பேர் எதிரே தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா சாப்பிடுகிறார்களாம்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல சமையலறையில யாரும் இருக்க மாட்டாங்க. நீ வந்து அரைச்சு பிரிட்ஜ்ல வச்சிட்டுப் போயிரு. கிளவுஸ் போட்டுக்கோ. உனக்குத்தான் உடம்புல ஒண்ணும் இல்லையே. மாத்திரையும் சாப்பிடுற."

அவளுக்கு அது எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது. தன் சட்னி இல்லாமல் அந்தக் கேன்டீன் தடுமாறுகிறது. தன்னை வெளியே தள்ளிய விதியை மதிக்காமல் முதலாளியே வந்து கேட்கிறார். அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து வாதாடியதையே அவரும் சொல்கிறார். "சரி பாஸ், நாளையிலேர்ந்து வரேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். காய்ச்சல் கண்ட மூவரில் இருவர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் புனிதா, தையல் பிரிவில் நாற்காலி உறை தைக்கிறவள். அவள் மட்டும் ஒரு மாதமாக வார்டில் இருந்தாள். குடலில் ரத்தம் கசிந்து ஒரு கட்டத்தில் பயமாகிவிட்டது என்று யாரோ கூடத்தில் பேசியது இராஜம்மாவின் காதில் விழுந்திருந்தது. இத்தனை நாள் போகாததற்கு அவள் தனக்கே பல காரணங்கள் சொல்லிவைத்திருந்தாள். அன்று சந்தோஷமாக இருந்ததால் தைரியமும் வந்தது. பூக்கடையில் சரம் வாங்கப் போனவள், வார்டில் அனுமதிப்பார்களோ என்னவோ என்று நினைத்து, 'ஹண்ட்ரட் பிளஸ்' என்கிற உப்புச்சத்துப் பானம் இரண்டு புட்டி வாங்கிக்கொண்டாள்.

புனிதாவை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண். கன்னம் ஒட்டிப்போய், தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டி, சாக்குப் பையில் போட்ட குச்சிகள் மாதிரி ஆஸ்பத்திரி உடுப்புக்குள் கிடந்தாள். ஆனால் கண்ணில் வெளிச்சம் இருந்தது. இராஜம்மாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ராஜிக்கா! கேன்டீன்லேர்ந்து யாருமே வரல. நீங்கதான் முதல் ஆளு."

"எப்படிம்மா இருக்க?"

"இப்ப பரவால்லக்கா. இன்னும் நாலு நாள்ல விட்டுருவாங்க. கஞ்சி, கஞ்சி, கஞ்சி. வாயே செத்துப்போச்சு." குரலைத் தணித்துக்கொண்டு அவள் சிரித்தாள். "அக்கா, எனக்கு ஒரே ஆசை. வெளிய வந்ததும் உங்க தேங்காச் சட்னியோட நாலு தோசை. காய்ச்சல்ல கிடக்கும்போதுகூட அதைத்தான் நெனச்சிக்கிட்டுக் கிடந்தேன்."

இராஜம்மா புட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை. கீழே வந்து கார் நிறுத்துமிடத்தில் பழனியப்பனின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அழுதாள். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் காலை தம்புசாமி வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவள் போய் நின்றாள்.

"பாஸ், நான் அரைக்க மாட்டேன்."

"ஏன்? நேத்து சரின்னு சொன்னியே?"

"சொன்னேன். தப்பு."

"கிளவுஸ் போட்டுக்கிட்டாலும் ஆகாதா?"

"கிளவுஸ் போட்டுக்கிட்டு பத்துத் தடவ மூக்கைச் சொறிவேன் பாஸ். அதே கையால பாத்ரூம் கதவைத் திறப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் புள்ள முடியெல்லாம் கொட்டிப்போயி கிடக்குது" என்றாள்.

தம்புசாமி காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவள் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பரிசோதனை நாளிலும் அவளுக்குக் காலை விடுப்பைக் கேட்காமலே கொடுத்தார்.

சட்னியைப் பற்றி அவள் வேறு ஒரு காரியம் செய்தாள். தினமும் காலை டேப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தாமரையைக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். தேங்காய் நேற்றுடைத்ததா, இன்றா? மிளகாய் எத்தனை? தண்ணீர் எப்போது ஊற்றினாய்? தாமரைக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள், "அக்கா, நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்கு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டாள். இராஜம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் தட்டுகளை எடுக்கும்போது பார்த்தாள். சட்னிக் கிண்ணங்கள் வழித்தெடுத்தாற்போல இருந்தன. தாமரை பொட்டுக்கடலையைக் கொஞ்சம் கூட்டியிருந்தாள். இராஜம்மா போடுகிற அளவு அது இல்லை. பங்களாதேஷ்காரர் அதையும் விரலால் வழித்தார்.

வீட்டில் பழனியப்பன் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பரிசோதனையில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அந்தத் தெம்பில், இனி சமைப்பது தன் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். முப்பது வருஷம் லோரியிலேயே வாழ்ந்த மனிதருக்குச் சுடு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வைக்கத் தெரியாது. யூடியூபைப் பார்த்துச் சமைத்தார். முதல் சாம்பாரில் பருப்பு கடித்தது. இரண்டாவது சாம்பார் களியாக வந்தது. அடுப்புக்கு எதிரே போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு, வீடியோவில் பேசுகிற பெண்மணிக்கு, "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா" என்று பதில் சொல்வார். இராஜம்மா சோபாவில் உட்கார்ந்து சிரித்து மாளாது. மூன்றாம் மாதத்தில் அவருக்குக் கானாங்கெளுத்தி மீன் குழம்பு கைவந்தது. வாரத்தில் நாலு நாள் அதையே வைத்தார்.

மாத்திரை முடிந்தது. முதல் பரிசோதனை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது பரிசோதனைக்கு முன் அவள் விரதமிருந்து கோயிலுக்குக்கூடப் போய் வந்தாள். அதில் கிருமி மறுபடி தலைகாட்டியது.

ஜனகாவே போன் செய்து வரச் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் மூன்று கற்கள் இருந்தன. கல் இருந்தால் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு மருந்துக்குப் பிடிகொடுக்காமல் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பையையே எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு உண்டு.

"வெட்டித்தான் ஆகணுமா மேடம்? இதுவும் ரூல்ஸா?" என்று இராஜம்மா ஜனகாவிடம் கேட்டாள்.

"இல்ல ஆன்டி. ஆபரேஷன் முழுக்க உங்க இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்க இப்படியே இருந்துக்கலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு, மேசை வேலை பாத்துக்கிட்டு. சமைக்கிறதுக்கு மட்டும்தான் தடை."

ஒரு வாரம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அந்தச் சாப்பாட்டுக் கூடம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்திருந்தது. அடுப்பின் முன் நிற்காததில் முதுகு வலிகூடக் குறைந்திருந்தது.

"அப்புறம் எதுக்கு வெட்டிக்கிற?" என்று பழனியப்பன் கேட்டார். "உனக்கு அந்த அடுப்பு வேணுமா, வேணாமா?"

"அடுப்புக்குப் போறதும் போகாததும் என் இஷ்டமா இருக்கணும்" என்றாள் இராஜம்மா. "இப்ப அது கிருமியோட இஷ்டமா இருக்கு."

ஆகஸ்ட் மாதம் ஆபரேஷன் நடந்தது. நாலு சின்னத் துளைகள்தான். சுங்கை பூலோவிலிருந்து மகள் சந்திரகலா பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்கினாள். ஏழு வயதில் வந்த காய்ச்சலைப் பற்றி இராஜம்மா அப்போதுதான் மகளிடம் சொன்னாள். சந்திரகலா கேட்டுவிட்டு, "அது டெங்கிம்மா. என் பழைய கிளினிக் புத்தகத்துலேயே எழுதியிருக்கு. இதை எத்தனை மாசமா மனசுல வச்சிக்கிட்டிருந்தீங்க?" என்று திட்டினாள். திட்டு வாங்கியதில் இராஜம்மாவுக்கு உடம்பு பாதி லேசாகிவிட்டது.

மீதிப் பாதி புனிதாவிடம் இருந்தது.

புனிதா மே மாதமே வேலைக்குத் திரும்பியிருந்தாள். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்து, தாமரையின் சட்னியோடு நாலு தோசை சாப்பிட்டாள். "உங்க முட்டி எப்பக்கா சரியாகும்?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் இராஜம்மா, "ஆயிரும், ஆயிரும்" என்று சொல்லி மேசையைத் துடைப்பாள். ஆபரேஷன் முடிந்து திரும்பிய முதல் வாரம், கூடத்தில் ஆள் குறைந்த நேரத்தில் இராஜம்மா புனிதாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"புனிதா, எனக்கு முட்டி வலி இல்ல. உன் காய்ச்சல் என் கையிலேர்ந்து வந்தது. ஒரே கிருமின்னு லேப்ல பாத்துட்டாங்க. எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்ச பிறகு ஆறு மாசமா உன்கிட்ட சொல்லல. அது என் தப்பு."

புனிதா வாயில் இருந்ததை விழுங்கினாள். தட்டைப் பார்த்தாள். எழுந்து தட்டைத் தானே கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த இரண்டு வாரம் கேன்டீன் பக்கமே வரவில்லை. வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து தையல் பிரிவிலேயே சாப்பிடுகிறாள் என்று இராமலிங்கம் சொன்னார். இராஜம்மா தேடிப் போகவில்லை. வரச்சொல்லியும் அனுப்பவில்லை.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை புனிதா வந்து அதே மேசையில் உட்கார்ந்தாள். தலையில் ஸ்கார்ஃப் இல்லை. அரை அங்குலத்துக்கு முடி புதிதாக முளைத்து, கோழிக்குஞ்சின் தலை மாதிரி நின்றது.

"ரொம்பக் கோவமா இருந்துச்சுக்கா" என்றாள். "எங்கம்மாவுக்கு இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்கு நீங்க மட்டும்தான் வந்தீங்க. அதையும் நெனச்சேன். ரெண்டையும் நெனச்சு நெனச்சு தலைவலிதான் வந்துச்சு." தலையைத் தடவிக்கொண்டாள். "முடி முன்னைவிட அடர்த்தியா வருது, பாருங்க."

இராஜம்மா பார்த்தாள். உண்மைதான். அடர்த்தியாகத்தான் வந்திருந்தது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மூன்று பரிசோதனைகளில் கடைசியின் முடிவு வந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், பட்டாசுக் கடைக்கும் முறுக்குக் கடைக்கும் நடுவில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"மூணும் சுத்தம் ஆன்டி. கடிதம் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கோங்க. வருசத்துக்கு ஒரு தடவ மட்டும் வந்து காட்டிட்டுப் போங்க."

"சரி மேடம். தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க. என் கையால சமைச்சுப் போடுறேன். பயப்படாம சாப்பிடலாம்."

மறுமுனையில் ஜனகா சத்தமாகச் சிரித்தது பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தம்புசாமி தரையிலிருந்த சிவப்பு டேப்பைத் தானே குனிந்து உரித்தெடுத்தார். இராஜம்மா மறுபடி உள்ளே போனாள். ஆனால் முழு நாளும் இல்லை. காலைப் பசியாறல் அவள் பொறுப்பு, மதியச் சமையல் தாமரைக்கு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு மேல் இராஜம்மா ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவாள். மேசை துடைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. சும்மா நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் மட்டும் ஒரு சின்னச் சண்டை வந்தது. தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறைக்குள் போனபோது, பழனியப்பன் ஏற்கெனவே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நகருங்க, நான் செய்றேன். எனக்குத்தான் சர்டிபிகேட் வந்துருச்சுல்ல."

"ஞாயித்துக்கிழமை எனக்கு" என்றார் அவர், வெட்டுவதை நிறுத்தாமல். "நீ போய் உக்காரு."

அவள் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். வெங்காயத்தைத் தடித்தடியாக வெட்டிக்கொண்டிருந்தார். சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் கூடத்துக்கு வந்து, மின்விசிறியை ஒரு நம்பர் கூட்டிவிட்டு, சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். அரைமணி நேரத்தில் மீன் குழம்பின் மணம் வீடு முழுக்கப் பரவியது. சந்திரகலாவின் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிப்போடுகிற சத்தமும் கேட்டது.